என் சுத்தமான வீட்டில் வந்த காய்ச்சல்

நான்கு வருடங்களுக்கு முன்பு, பள்ளி ஆண்டிறுதி விடுமுறையின்போது, மலேசியாவில், ஜொகூர் பாருவை அடுத்த ஸ்கூடாயில் என் வீட்டில் தொடங்கியது இந்தக் கதை. இதில் என் பங்கு பெருமைப்படும்படி ஒன்றும் இல்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வாயை மூடி வைத்திருந்ததால் வந்த வினைதான் இதில் பாதி.

முதலில் என்னைப் பற்றி. நான் ஒரு தொடக்கப் பள்ளியில் கேண்டீன் நடத்துகிறேன். டைபாய்டு ஊசி போட்ட அட்டை, உணவு கையாளும் பயிற்சிச் சான்றிதழ் எல்லாவற்றையும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். இறைச்சி நறுக்க ஒரு பலகை, மீனுக்கு ஒன்று, காய்கறிக்கு ஒன்று. துடைக்கிற துணியை ஒரு நாளைக்கு மூன்று முறை மாற்றுவேன். கேண்டீனில் வேலை செய்யும் பெண்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னை 'பிளீச் அக்கா' என்று சொல்வது எனக்குத் தெரியும். கோபம் வந்ததே இல்லை. உள்ளுக்குள் குளிர்ந்துதான் போவேன்.

என் தம்பி பெக்கோக் என்ற சின்ன ஊரில் இருக்கிறான். அங்கே பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. அவன் மனைவி எங்கள் தாய்மாமன் மகள். எங்கள் குடும்பத்தில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் பெரும்பாலும் சொந்தத்துக்குள்தான். என் அப்பாவும் அம்மாவும்கூட அத்தை மகன், மாமன் மகள். இந்தப் பெண்ணைத் தம்பிக்குக் கட்டலாம் என்று முதலில் வாயைத் திறந்ததும் நான்தான். அவள் என்னை 'அண்ணி' என்று கூப்பிடுவாள். அதிகம் பேசமாட்டாள். எனக்கு அதுவும் ஒரு குறை.

அவர்களுக்கு ஒரே மகள். பிறந்த குழந்தைகளுக்குப் போடும் காசநோய்த் தடுப்பூசியை அவளுக்கும் போட்டார்கள். மூன்றாவது மாதத்தில் இடது அக்குளில் ஒரு கட்டி வந்தது. பழுத்து உடைந்து மாதக்கணக்கில் நீர் கசிந்துகொண்டே இருந்தது. போய்ப் பார்த்தேன். பார்த்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளையக் குளிப்பாட்டினா அக்குளத் தொடைக்கணும்னு தெரியாதா உனக்கு?" அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிள்ளைக்கு இரண்டரை வயதில் கடுமையான காய்ச்சல், வயிற்றுப்போக்கு. ரத்தத்தைச் சோதித்தபோது சால்மொனெல்லா கிருமி என்றார்கள். நான்கு வயதில் மறுபடியும் அதே. ஐந்தில் மறுபடியும். சால்மொனெல்லா என்ற பெயர் எனக்குப் புதிதல்ல, பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததுதான். வேகாத கோழி, வேகாத முட்டை, கழுவாத கை. இதற்கு மேல் எனக்கு விசாரணை எதற்கு? தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அதோடு விட்டேனா? பிள்ளைக்குக் காது குத்தியபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் பெக்கோக் வீட்டில் கூடியிருந்தார்கள். நான் ஸ்கூடாயிலிருந்தே ஒரு போத்தல் பிளீச்சைக் கொண்டுபோயிருந்தேன். எல்லார் கண்ணெதிரிலும் அவள் சமையலறைக்குள் நுழைந்து, நறுக்குகிற பலகைமேல் ஊற்றித் தேய்த்தேன். மரக் கரண்டிகளைக் குப்பையில் போட்டேன். அங்கே ஒரு வாய் சாப்பிடவில்லை. திரும்பி வந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, "பாவம் என் தம்பி, அவனுக்கு வாச்சது அப்படி" என்று பேசினேன். என் வாய்க்கு ஒரு மூடி போட்டிருந்தால் அன்றைக்கு எல்லாருக்கும் புண்ணியமாகப் போயிருக்கும்.

பிள்ளைக்கு ஆறு வயது ஆனதும் தம்பியிடம் நேராகவே சொன்னேன். "லீவு முழுக்க என்கிட்ட விடு. உடம்பத் தேத்திக் காட்டுறேன். நல்லா இருந்தாள்னா இங்கயே ஒண்ணாம் வகுப்பு சேர்த்துடலாம். அந்த வீட்டுக்கு அனுப்ப வேணாம்லா." தம்பி தன் மனைவியைப் பார்த்தான். அவள் உள்ளே போய்ப் பிள்ளையின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். கார் கிளம்பும்போது ஜன்னல் அருகே வந்து, "அண்ணி, கோழியும் முட்டையும் மட்டும் நல்லா வேக வச்சுக் குடுங்க" என்றாள்.

"எனக்கே சொல்லிக் குடுக்குறியா?" என்றேன். சர்டிபிகேட் வாங்கியவள் அல்லவா நான்!

என் வீட்டில் பிள்ளைக்கு ராஜ உபசாரம். தினமும் காலையில் கோப்பிக்கடைப் பாணியில் இரண்டு அரைவேக்காட்டு முட்டை, மேலே கிச்சாப் என்கிற சோயா சாறும் மிளகுத்தூளும். தெம்புக்கு அதைவிட நல்லது ஏது? என் கணவர் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்புமுன் அதைத்தான் சாப்பிடுவார். யுனிவர்சிட்டியில் படிக்கும் என் மகளும் நானும் அதுவேதான். முட்டையை வாங்கி வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுகிறவள் நான், அதில் என்ன கிருமி இருக்கப் போகிறது என்ற நினைப்பு எனக்கு. பிள்ளையும் கன்னம் உப்பி அழகாக இருந்தாள். போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டு, "அத்தை கைச் சாப்பாடு" என்று எழுதினேன். அம்மாக்காரி அதற்கு ஒரு கும்பிடு போட்டிருந்தாள்.

பத்தொன்பதாம் நாள் காலையில் பிள்ளை எழுந்திருக்கவில்லை. தொட்டால் உடம்பு அனலாகக் கொதிக்கிறது. "அத்தை, வயிறு" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். ஜொகூர் பாருவில் இருக்கும் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் கிருமி கலந்திருக்கலாம், உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும் என்று சொல்லி வார்டில் சேர்த்து, கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். என் வீட்டில்! என் சமையலில்! படுக்கை ஓரத்தில் நின்றுகொண்டு வெட்கப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் விழித்தேன்.

டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண், இளவயது. எங்கள் பேச்சு எல்லாம் மலாயில்தான் நடந்தது, நான் நம் தமிழில் சொல்கிறேன். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். முட்டை என்றதும், "அதே முட்டைய வீட்டுல வேற யாரு சாப்பிட்டாங்க?" என்றார். எல்லாரும்தான் என்றேன். "வேற யாருக்காச்சும் காய்ச்சல், வயித்துவலி?" ஒருவருக்கும் இல்லை. எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டார். பழைய காய்ச்சல்களைப் பற்றி வரிசையாகக் கேட்டார். பிறகு பிள்ளையின் கையைத் தூக்கி அக்குளில் இருந்த தழும்பைப் பார்த்தார்.

"அது அவங்கம்மா சரியாத் தொடைக்காததால வந்தது" என்று நான் ஆரம்பித்தேன். அந்த நிலைமையிலும்! டாக்டர் அதைக் காதில் வாங்கவே இல்லை. தடுப்பூசி போட்ட கை இதுதானா, எந்த மாதத்தில் கட்டி வந்தது, எவ்வளவு நாள் கசிந்தது என்று கேட்டார். அதன்பிறகு மெதுவாக இன்னொரு கேள்வி. "குடும்பத்துல சொந்தத்துக்குள்ள கல்யாணம் உண்டா? யாருக்காச்சும் காசநோய் வந்திருக்கா? கழுத்துல கட்டி, அந்த மாதிரி?"

சொந்தத்துக்குள் கல்யாணம் உண்டு என்றேன். காசநோய் யாருக்கும் இல்லை என்றேன். இரண்டாவது பதில் பொய்.

சிகாமட் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்த காலம். எனக்கு ஒன்பது வயதில் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டிகள் வந்தன. காசநோய் என்றார்கள். மாதக்கணக்கில் மாத்திரை, சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அம்மா எனக்குத் தனித் தட்டு, தனிக் குவளை வைத்தார். "யாருக்கும் சொல்லக் கூடாது. நாளைக்கு உன்னை எவன் கட்டுவான்?" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். தம்பி அப்போது நான்கு வயதுக் குழந்தை, அவனுக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டம்மாவுக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. அழுக்குப் பிள்ளைகளுக்குத்தான் இந்த நோய் வரும் என்று என் காதுபடவே சொன்னார். அன்றைக்குப் பிடித்ததுதான் எனக்கு இந்தச் சுத்தப் பைத்தியம். கட்டிய கணவரிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை. கழுத்துத் தழும்பைக் கேட்டபோது கொப்புளம் என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் போய்விட்டார். நான் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாலை நான்கு மணி வாக்கில் தம்பியும் அவன் மனைவியும் பெக்கோக்கிலிருந்து வந்து சேர்ந்தார்கள். அவள் வந்து என்னைக் கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த வார்டே அதிர்ந்திருக்கும். அவள் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நான் குடுத்துவிட்ட துணி சரியாக் காயலயோ? மழையா இருந்துச்சு, உள்ளதான் காயப் போட்டேன். அதுல இருந்து ஏதும் வந்திருக்குமா?"

என் வீட்டில், என் கையால் சாப்பிட்டு விழுந்த பிள்ளைக்கும் தன் பக்கத்தில் தப்பைத் தேடுகிறாள். இவளை இப்படி ஆக்கி வைத்தது யார்? ஆறு வருடமாகச் சொல்லிச் சொல்லி நான்தான். அவமானம் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்பது வயதில் பட்டதெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

எழுந்து போய் டாக்டரைக் கூட்டி வந்தேன். தம்பியும் அவன் மனைவியும் நிற்கும்போதே சொன்னேன். "காலையில நான் பொய் சொல்லிட்டேன் டாக்டர். காசநோய் எனக்கு வந்திருக்கு. ஒம்போது வயசுல. இங்க, கழுத்துல." முடியை ஒதுக்கித் தழும்பைக் காட்டினேன். தம்பி, "அக்கா, என்னக்கா சொல்றீங்க?" என்று வாயைப் பிளந்தான். திட்டு விழும் என்று காத்திருந்தேன். டாக்டர், "தெரிமா காசே, ஆண்ட்டி. இது ரொம்ப உதவியா இருக்கும்" என்று நன்றி சொல்லிவிட்டு, பக்கம் நிறைய எழுதினார்.

ரத்தச் சோதனையில் மறுபடியும் அதே சால்மொனெல்லா. மருந்து கேட்டது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஐந்தாம் நாள் பிள்ளை ஐஸ்கிரீம் கேட்டு அடம்பிடித்தாள். அந்தச் சத்தம்போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கணவரிடம் பழைய கதையைச் சொன்னேன். அவர், "இதுக்கா இத்தன வருஷமா கழுத்து மூடுன சட்டை போட்டுக்கிட்டிருந்த?" என்றார். அவ்வளவுதான்.

பிள்ளை, அவள் அப்பா, அம்மா, நான் ஆகிய நான்கு பேரிடமும் ரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்குக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பல மாதம் ஆனது. வந்த அன்றைக்கு டாக்டர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். சில வகைக் கிருமிகள் உள்ளே வந்தால் உடம்பில் ஒரு செல் சத்தம் போட்டு இன்னொரு செல்லைக் கூப்பிடுமாம். பிள்ளையின் உடம்பிலும் அந்தச் சத்தம் போகிறது, கேட்கிற செல்லுக்குத்தான் காது இல்லை. அந்தக் காதைச் செய்கிற மரபணு அவளுக்குப் பழுது. சளி, இருமல் எல்லாம் மற்ற பிள்ளைகளைப் போலத்தான். சால்மொனெல்லாவும் காசநோய்க் கிருமியின் வகையறாக்களும் மட்டும் அவளைச் சுலபமாகப் பிடித்துவிடும். தடுப்பூசியில் இருந்த வலுவிழந்த கிருமிகூட அவளுக்கு அதிகமாகிவிட்டது. மற்ற பிள்ளைகளுக்கு அந்த ஊசி அவசியம், இது அபூர்வமாக வருவது என்று அழுத்திச் சொன்னார்.

"எங்க பக்கமா, அவங்க பக்கமா?" என்று தம்பி கேட்டான்.

"ரெண்டு பக்கமும். பழுதான ஒரு பிரதி அப்பாகிட்டருந்து, ஒண்ணு அம்மாகிட்டருந்து. ஒரே ஒரு பிரதி இருந்தா ஒண்ணும் ஆகாது, அதனாலதான் நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆண்ட்டி, உங்களுக்கு ரெண்டு பிரதியும் பழுது. பிள்ளைக்கு இருக்கிற அதேதான்."

அலமாக், கடவுளே! "அப்படின்னா எனக்கு ஏன் ஒண்ணும் வரல?" என்றேன்.

"வந்துச்சே, ஒம்போது வயசுல. அதுக்கப்புறம் வரல. ஒரே பழுது இருந்தும் சிலருக்கு அடிக்கடி வரும், சிலருக்கு வரவே வராது. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது."

நாற்பது வருடமாக நான் ஆரோக்கியமாக இருந்ததை என் கைச் சுத்தத்தின் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். அதிலே பெரும்பங்கு வெறும் அதிர்ஷ்டம். சுத்தம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லவில்லை, பிள்ளைக்கு எதையும் நன்றாக வேக வைத்துக் கொடுங்கள் என்றுதான் சொன்னார். அதைத்தான் அவள் அம்மா முன்னாலிருந்தே செய்து வந்திருக்கிறாள். எந்தச் சான்றிதழும் இல்லாமல், பிள்ளையைப் பார்த்துப் பார்த்துத் தானாகக் கண்டுபிடித்திருக்கிறாள். "நல்லா வேக வச்சுதான் குடுக்குறீங்களா? அருமை" என்று டாக்டர் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அதில் கொஞ்சம் குறும்பும் இருந்தது, எனக்கு அது வேண்டும்தான்.

கார் நிறுத்துமிடத்திலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அண்ணி" என்றாள். நான் விடவில்லை. ஊர் முழுக்கப் பேசிய வாய், ஊர் முழுக்கத்தான் திருத்த வேண்டும். முன்பு யார் யாருக்கெல்லாம் போன் போட்டேனோ அவர்களை எல்லாம் மறுபடி கூப்பிட்டேன். குறை சொன்னபோது ஒரே சாயங்காலத்தில் முடிந்த வேலை, திருத்தும்போது மூன்று வாரம் பிடித்தது. ஒவ்வொரு போனுக்கும் முன்னால் ஒரு கோப்பை கோப்பி குடித்துத் தெம்பு ஏற்றிக்கொள்வேன். "உனக்குக் காசநோய் வந்ததையெல்லாம் வெளிய சொல்லாதடி, வீட்டுல கல்யாண வயசுல பொண்ணு இருக்கா" என்று ஒரு பெரியம்மா பதறினார். என் மகளே போனை வாங்கி, "பரவால்ல பெரிய பாட்டி, சொல்லட்டும்" என்றாள்.

இப்போது பிள்ளைக்குப் பத்து வயது. பெக்கோக்கில், தன் அம்மாவிடமே வளர்கிறாள், அங்கேயே படிக்கிறாள். தடுப்பு மருந்து ஒழுங்காகப் போகிறது, பெரிய காய்ச்சல் எதுவும் திரும்ப வரவில்லை. ஆஸ்பத்திரியில் எங்கள் இருவருக்கும் ஒரே நாளில்தான் தேதி வாங்குவோம். வரிசையில் பக்கத்தில் உட்காரும் ஆட்களிடம் அவள், "எனக்கும் எங்க அத்தைக்கும் ஒரே ஜீன், ஆனா நான்தான் சீனியர்" என்று அளப்பாள். மருந்து சாப்பிட்ட வருடங்களைக் கணக்குப் போட்டால் அது உண்மைதான்.

போன வருடம் நான் பெக்கோக்கில் இருந்த ஒரு பிற்பகலில் சிகாமட்டிலிருந்து போன் வந்தது. என் சித்தி மகள். முதல் குழந்தை பிறந்து ஐந்து மாதம். குழந்தையின் அக்குளில் கட்டி உடைந்து கசிகிறதாம். பிள்ளையை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று புகுந்த வீட்டில் பேசுகிறார்களாம். நான் சொன்ன கதை நினைவுக்கு வந்து கூப்பிட்டிருக்கிறாள். "அப்ப இது என் தப்பு இல்லையாக்கா?" என்று கேட்டவள் விம்மத் தொடங்கிவிட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி மனைவி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். அதிகம் பேசாதவள் என்றேனே, அன்றைக்கு அரை மணி நேரம் பேசினாள். "இந்தா பாரும்மா, அழாத. உன் தப்பு இல்ல. உன் தப்பே இல்ல. நாளைக்கே டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போ. எங்க குடும்பத்துல இப்படி இருக்குன்னு தைரியமாச் சொல்லு. யாரு என்ன சொன்னாலும் காதுல வாங்காத." நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் குழந்தையைச் சோதித்ததில் எங்கள் குடும்பப் பழுது இல்லை என்று தெரிந்தது. சில குழந்தைகளுக்குச் சாதாரணமாக வருகிற கட்டிதான், தானாக ஆறிவிட்டது. ஆனால் அன்றைக்கு அந்தச் சின்னப் பெண்ணுக்குக் கிடைத்த 'உன் தப்பு இல்ல' என்ற மூன்று வார்த்தைகளுக்காகத் தம்பி மனைவி ஆறு வருடம் காத்திருந்தாள், அதைச் சொல்லியிருக்க வேண்டியவள் அவளை மட்டமாகப் பேசிக்கொண்டிருந்த நான்தான் என்பதை நினைத்தால், இன்றைக்கும் யாரையாவது குறை சொல்லத் துடிக்கும்போது என் நாக்கு தானாக நின்றுவிடுகிறது.